கடைசி நாலு பிட்

இன்று காலை ஆய்வுகூடக் கதவைத் திறந்ததும் ஈர மண் வாசம் முகத்தில் அடித்தது. பதுளையில் ஒரு வாரமாக நல்ல வெயில். ஜன்னலுக்கு வெளியே புல்கூடக் காய்ந்து கிடக்கிறது. வாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், மேசைமேல் உரச்சாக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய ஒரு பொதி. மேலே என் பெயர். உன் அக்கா செல்வராணி பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

பிரித்தேன். நம்முடைய சாம்பல் நிறப் பெட்டி. ஐந்து மழைக்காலம் மலைச்சரிவில் நின்ற பெட்டி. மூடியின் ரப்பர் விளிம்பில் எறும்புகள் மண் பூசி வைத்திருந்தன. திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினால், உள்பக்கத்தில் நீ ஒட்டிய தாள் அப்படியே இருக்கிறது. மை கொஞ்சம் பரவியிருக்கிறது, அவ்வளவுதான். "கடைசி நாலு பிட் பொய் சொல்லும். தெரிந்துதான் விட்டிருக்கிறோம்."

மாணவர்கள் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ போன பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன். இன்று உன் கையெழுத்தே தொடங்கி வைத்துவிட்டது.

பதுளைப் பாடசாலை விடுதியில் நாம் முதலில் சண்டை போட்டது ஒரு ஊசலுக்காக. ஞாபகம் இருக்கிறதா? நான் லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள், நீ பூனாகலையிலிருந்து. பௌதிகச் செய்முறைக்கு நம் இருவரையும் ஒரே மேசையில் போட்டார்கள். நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, நேரத்தைக் குறித்து, புவியீர்ப்பைக் கணிக்க வேண்டும். நான் ஐம்பது தடவை ஆடவிட்டு, நாலு தசமத்துக்கு விடை எழுதினேன். நீ பத்துத் தடவையோடு நிறுத்திக்கொண்டாய். "கிட்டத்தட்ட பத்து" என்று எழுதிவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"என்னாடி இது, பாதியிலேயே நிறுத்திட்ட?" என்றேன்.

"இந்தக் கயிறு இழுபடுது, இந்த மணிக்கூடு அரை செக்கன் பிந்துது. இதுல நாலாவது தசமம் எங்கருந்து வந்துச்சு ஒனக்கு?" என்று கேட்டாய்.

அந்தக் கேள்விக்காகவே ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை.

பிறகு பல்கலைக்கழகத்திலும் ஒரே துறை, ஒரே அறை. படித்து முடித்ததும் நீ கொழும்பில் சிப் வடிவமைக்கும் ஒரு நிறுவனத்துக்குப் போனாய். நான் இங்கே தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் சொல்லிக்கொடுக்க வந்தேன். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் உன் இதய வால்வு கெட்டுப்போயிருந்தது. கொழும்பில் அது மெல்லத் தன் வேலையைக் காட்டியது. பாதி வேலையை வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு நீ பதுளைக்குத் திரும்பியபோது எனக்குக் கவலையும் இருந்தது, வெட்கப்படும் அளவுக்குச் சந்தோஷமும் இருந்தது. மறுபடி ஒரே ஊரில் இருக்கப்போகிறோமே என்று.

அந்த வருடம் தீபாவளிக்கு உன் அக்கா வீட்டுக்குப் போனோம். பண்டாரவளையிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய், இறங்கி, படி ஏற வேண்டிய தோட்டம். பலகாரம் சாப்பிட்டு முடிந்ததும் அக்கா, "வாங்க, ஒண்ணு காட்டுறேன்" என்று ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் கூட்டிப்போனாள். நிரைகளுக்குக் குறுக்கே நிலம் வாயைத் திறந்திருந்தது. அக்கா குனிந்து அதற்குள் கையை விட்டாள்.

"போன மாசம் வெரல்தான் போச்சு. இப்ப கை போகுது."

அதிகாரிகள் வந்து பார்த்து, இந்த இடம் ஆபத்து, வேறு இடத்தில் வீடு கட்டித் தருகிறோம் என்று சொல்லிப் போயிருந்தார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் வீடு எழும்பும்வரை சரிவின் கீழேதானே இருபத்துச் சொச்சம் குடும்பமும் இருக்க வேண்டும்? மீரியபெத்தவில் மண் இறங்கி லயங்களையே மூடிய பிறகு எங்கள் மலைகளில் மழைச் சத்தத்தை யாரும் பழைய மாதிரிக் கேட்பதில்லை.

"மழ பேஞ்சா என்னா பண்ணுவீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"முழிச்சிக்கிட்டு இருப்போம்" என்றாள். "வேற என்னா பண்றது?"

திரும்பும் வழியில், பஸ் ஹாலிஎல தாண்டும்போது சொன்னாய்: "நமக்குப் பதிலா முழிச்சிருக்க ஒண்ணு செய்யலாம்டி."

முதல் பெட்டியைச் செய்வது பெரிய வேலையாக இருக்கவில்லை. மழை எவ்வளவு, மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு, நிலம் நடுங்குகிறதா, இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லை தாண்டினால் லயத்தில் வைக்கும் சைரனை அடிக்க வேண்டும். நம் கைபேசிக்கும் செய்தி வர வேண்டும். கடையில் கிடைத்த சாதனங்களை வைத்தே கட்டிவிட்டோம். வெயிலில் அழகாக வேலை செய்தது. மூடுபனி இறங்கிய நாலாவது நாள் செத்துப்போனது.

காரணம் நடுக்கம்தான். மழைத்துளி விழுகிற நடுக்கம், பாதையில் லொறி போகிற நடுக்கம், ஆள் நடக்கிற நடுக்கம், இவற்றுக்கு நடுவே மண் அசைகிற நடுக்கத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு செக்கனும் நூற்றுக்கணக்கான எண்களைப் பெருக்கிக் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கணக்கு பெட்டரியைக் குடித்துவிட்டது. சூரியத் தகடு பனிக்குள் சும்மா கிடந்தது. எப்போது காவல் வேண்டுமோ அப்போதுதான் வெயில் இல்லை.

"பெரிய பெட்டரியா வைப்போம்" என்றேன்.

"யாரு தூக்கிக்கிட்டு ஏறுறது? நானா?" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டிச் சிரித்தாய். பிறகு, "கணக்க கொறைப்போம்" என்றாய்.

அந்தச் சொல்தான் நம் இரண்டாவது பெரிய சண்டை. நீ கொழும்பிலிருந்து கொண்டுவந்திருந்த சின்னச் சிப், எழுதாத சிலேட்டு மாதிரி. அதற்குள் என்ன சுற்று இருக்க வேண்டும் என்று நாமே எழுதிக் கொடுக்கலாம். கூட்டல் கணக்கில் ஒன்றாம் இடத்தில் மிஞ்சியதைப் பத்தாம் இடத்துக்கும், அங்கே மிஞ்சியதை நூறாம் இடத்துக்கும் கொண்டுபோகிறோமே, சிப்புக்குள்ளும் அதுதான் நடக்கிறது. ஒவ்வொரு இடமும் தன் வலதுபக்கத்திலிருந்து வரும் மிச்சத்துக்குக் காத்திருந்து கூட்டுகிறது. அந்த ஓட்டத்துக்கெல்லாம் மின்சாரம் செலவாகிறது. நீ கடைசி நாலு இடங்களில், அந்த நாலு பிட்டில், இரண்டு எண்களையுமே வெட்டி எறிந்துவிட்டாய். அவற்றைக் கூட்டுவதே இல்லை, மிச்சம் கொண்டுபோவதும் இல்லை. விடை கொஞ்சம் பிசகும். மின்செலவு பாதிக்கும் கீழே இறங்கும்.

"மனுச உசுருடி" என்று கத்தினேன். "ஒன் அக்கா அங்க இருக்கா. அதுல போயி தோராயமா கணக்குப் போடுவியா?"

"நான் எதுல தோராயம் போடுறேன்னு பாரு. மேல உள்ள இடத்த தொடல. மல அசையிறது கடைசி நாலு பிட்டுலயா தெரியப்போகுது? அது கத்துறப்போ முன்னால உள்ள இடம்தான் ஆடும். நீ கடைசித் துளி வரைக்கும் சரியா எண்ணிக்கிட்டே இரு. நாலாவது நாளு ஒன் சரியான பெட்டி செத்துக்கிடக்கும்."

உன் வாதத்தை என்னால் உடைக்க முடியவில்லை. ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. அரை மனதோடு சாலிடரிங் கம்பியை எடுத்தேன். அந்த வேலையின்போதுதான் நீ இந்தத் தாளை எழுதி மூடிக்குள் ஒட்டினாய். எனக்காகத்தான் ஒட்டினாய் என்று அப்போதே தெரியும்.

பெட்டி பனிக்குள் நாலு நாள் தாண்டியது. ஏழு நாள் தாண்டியது. பதினொன்றாவது நாள் காலையில் அது அனுப்பிய செய்தி வந்தபோது, கல்லூரித் தாழ்வாரத்தில் நான் துள்ளியதை மாணவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். உனக்குப் போன் போட்டேன். "சரி சரி, தெரியும்" என்றாய். ஆனால் அந்தச் செய்தியை மறுபடி வாசிக்கச் சொன்னாய்.

சந்தோஷம் மூன்று வாரம் நீடித்தது. உன் அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்ததே: காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில், நாம் கொடுத்திருந்த பிளாஸ்டிக் மழைமானியைப் பார்த்து ஒரு பள்ளிக் கொப்பியில் குறித்து வைப்பாள். அந்தக் கொப்பியை வாங்கிப் பெட்டியின் மழைக் கணக்கோடு ஒப்பிட்டேன். ஒவ்வொரு நாளும் பெட்டி கொஞ்சம் குறைவாகவே சொல்லியிருந்தது. ஒரு நாள் வித்தியாசம் அற்பம். ஆனால் பெட்டி முந்திய நாள் மழைகளையும் அதே சுற்றில் சேர்த்துக் கூட்டிக்கொண்டே போகும். மூன்று வாரத்தில் அற்பமெல்லாம் சேர்ந்து கண்ணில் குத்துகிற அளவுக்கு வந்திருந்தது. ஆபத்து எல்லையைப் பெட்டி பிந்தித்தான் தாண்டும்.

கொப்பியை எடுத்துக்கொண்டு நேராக உன் அறைக்கு வந்தேன். நீ அன்று படுத்திருந்தாய், கால் வீங்கியிருந்தது. அதைக்கூட நான் பார்க்கவில்லை. கொப்பியைக் கட்டிலில் போட்டேன்.

"பாரு. ஒனக்கு எல்லாமே கிட்டத்தட்டதான். எல்லாமே பரவாயில்லதான். ஒன் ஒடம்பையும் இப்படித்தான் பார்த்துக்கிட்ட, அக்கா உசுரையும் இப்படித்தான் பார்த்துக்கிற."

நீ கொப்பியை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாய். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாய். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அன்று சொன்னதற்கு நான் மன்னிப்பும் கேட்கவில்லை, நீ கேட்கவிடவும் இல்லை. இப்போது கேட்கிறேன்.

மறுநாள் உன் மருந்துக்காகப் பதுளைக்கு வந்த அக்கா, நம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டாள். "பெட்டி ஏன் கொறச்சுக் காட்டுது?"

"சின்னச் சின்னப் பிசகுதான் அக்கா. ஒரு நாள் கூடும், ஒரு நாள் கொறையும், சரியாப் போகும்னு நெனச்சேன்" என்றாய் நீ.

அக்கா சிரித்தாள். "கூடுமா? கொழுந்து நிறுக்கிற மடுவத்துல இருவது வருசமா கூடைய குடுக்கிறேன். ஈரத்துக்குன்னு வெட்டுவாங்க, சாக்குக்குன்னு வெட்டுவாங்க, முழுசா இல்லாத கிலோவுக்குன்னு வெட்டுவாங்க. ஒரு நாளாவது கூட்டிப் போட்டத நான் பார்க்கல. வெட்டுறது எப்பயும் ஒரு பக்கம்தான் புள்ள வெட்டும்."

நீ கோப்பையைக் கீழே வைத்தாய். பிறகு படுக்கையிலிருந்து எழுந்து, வீங்கிய காலோடு மேசைக்குப் போனாய்.

"நான் வெட்டித்தானே விட்டேன்" என்றாய். "வெட்டுனா எப்பயும் கொறையத்தான் செய்யும். ஒரு தடவகூடக் கூடாது. இவ்வளவு நாளா இது என் மண்டையில ஏறலையே."

பிசகு இருந்ததில் குற்றமில்லை. அது எல்லாம் ஒரே பக்கம் விழுந்து, சேர்ந்துகொண்டே போனதுதான் குற்றம். நான் போட்ட கூச்சலில் அந்த வித்தியாசம் எனக்கும் தெரியவில்லை. அன்று மாலையே திருத்தத் தொடங்கினாய். வெட்டிய இடங்களுக்குப் பதிலாக, ஒரு தடவை கூடவும் ஒரு தடவை குறையவும் விழுகிற மாதிரி மிகச் சிறிய ஒரு ஈடு வைத்தாய். அதற்கு மின்சாரம் ஏறக்குறைய வேண்டியதே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "ஒனக்கும் ஒரு எடம் வச்சிருக்கேன்" என்றாய். எண்கள் எல்லைக்குத் தூரமாக இருக்கும்வரை தோராயக் கணக்கே ஓடும். எல்லையை நெருங்கினால் மட்டும், கடைசி இடம்வரை சரியாகக் கூட்டும் இரண்டாவது சுற்று ஒன்று விழித்துக்கொள்ளும். அந்தச் சுற்றை நான்தான் எழுதினேன். நம் வேலை வாழ்க்கையில் நாம் இருவரும் ஒரே சிப்புக்குள் எழுதியது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த மழைக்காலத்தில் பெட்டி நன்றாகவே நின்றது. ஆனால் நமக்குப் பயம். அந்தப் பயத்தில் எல்லையை நன்றாக இறக்கி வைத்தோம். ஒரு நாள் காலை பத்து மணிக்குச் சைரன் அடித்தது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். கிழவர்களைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் எல்லோரும் பாடசாலைக்குப் போனார்கள். ஒரு பெரியவர் வழுக்கி விழுந்து கால் பிசகிவிட்டது. பின்னேரம்வரை காத்திருந்தார்கள். மலை அசையவே இல்லை.

தொழிலாளர்களின் தோட்டத் தலைவர் எனக்குப் போன் போட்டார். "என்னாங்க மிஸ், வெளையாட்டாப் போச்சா? அர நாளு வேல போச்சு, புள்ளைங்களுக்குக் காய்ச்சல். அடுத்த தடவ அது அடிச்சா ஒருத்தரும் நகர மாட்டாங்க, சொல்லிட்டேன்."

நான் எல்லையைக் கொஞ்சம் ஏற்றிவிடலாம் என்றேன். நீ, "போயி அவங்ககிட்டயே கேப்போம்" என்றாய். டாக்டர் படி ஏறவே கூடாது என்று சொல்லியிருந்தார். பத்துப் படிக்கு ஒரு தரம் நின்றாய். நான் உன் பையை வாங்கிக்கொண்டு பின்னால் வந்தேன். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் ஏதோ காட்சி பார்க்கிறவள்போலப் பள்ளத்தாக்கைப் பார்த்தாய். நானும் நம்புகிறவள்போல நின்றேன்.

வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் எல்லோரும் கூடியிருந்தார்கள். தலைவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்:

"ஒங்க பெட்டி சரியா சொல்லுமா, சொல்லாதா? அத மட்டும் சொல்லுங்க."

"சில நேரம் தப்பா சொல்லும் தலைவரே" என்றாய்.

அறை முழுக்கச் சலசலப்பு. நான் உன் கையைக் கிள்ளினேன். நீ மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்து பேசினாய்.

"ரெண்டு விதமா தப்பும். ஒண்ணும் நடக்காதப்போ கத்தும். இல்லாட்டி, நடக்கிறப்போ கத்தாம இருந்துரும். ஒண்ண கொறச்சா மத்தது கூடும். ரெண்டையும் ஒண்ணா கொறைக்கணும்னா பெட்டரி நாலு நாளைக்கு மேல தாங்காது. எந்தப் பக்கம் எவ்வளவு சாய்க்கணும்னு நாங்க ரெண்டு பேரும் பதுளையில உக்காந்து முடிவு பண்ணிட்டோம். அதுதான் நாங்க செஞ்ச தப்பு. ஓடப்போறது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

கைக்குழந்தையோடு ஒருத்தி கதவோரம் நின்றாள். "ஒரு மழக்காலத்துக்கு எத்தன தடவ சும்மா ஓட வேண்டி வரும்?" என்று கேட்டாள்.

"மூணு. கூடிப்போனா நாலு."

அவள் உன் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலைவரைப் பார்த்துச் சொன்னாள்: "நாலு தடவ நனைஞ்சா துணிய காயப்போட்டுக்கலாம் தலைவரே."

அவள் சொல்லாமல் விட்ட பாதி எல்லோருக்கும் கேட்டது. "அப்ப ஓடுற பாதைய சரி பண்ணணும்" என்றார் தலைவர். "மழையில அந்த வளைவுல ஒரு மனுசன் நிக்க முடியல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். வளைவில் படி வெட்டினார்கள், பிடித்து நடக்கக் கம்பி கட்டினார்கள். பெண்கள் பாடசாலை அறை ஒன்றில் உலர்ந்த துணியும் போர்வையும் பிஸ்கட் டின்களும் கொண்டுபோய் வைத்தார்கள். ஓடும்போது யார் எந்தக் கிழவரைத் தூக்குவது என்றுகூடப் பிரித்துக்கொண்டார்கள். நாம் கேட்டது ஒரு எண். அவர்கள் தந்தது அதைவிட எவ்வளவோ பெரியது.

மழை ஓய்ந்ததும் உனக்கு அறுவைச் சிகிச்சைக்கு நாள் கொடுத்தார்கள். அதற்கு முதல் நாள் பின்னேரம் கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாய். பாதி நேரம் என் சுற்றில் ஒரு வரி வீணாக மின்சாரம் தின்கிறது என்று திட்டினாய். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அவரும் தோராயமாத்தான் சொல்றாரு" என்றாய். "பாவம், அவருக்கு வேற வழியில்ல. முகத்தப் பார்த்து உள்ளத உள்ளபடி சொன்னாரு. அது போதும்டி எனக்கு."

சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். பூனாகலைக்குக் கொண்டுவந்தோம். நீ திட்டிய அந்த வரியை ஒரு மாதம் என்னால் திறந்து பார்க்க முடியவில்லை. பிறகு திறந்து திருத்தினேன். நீ சொன்னது சரி.

அந்த வருடக் கடைசியில் வந்த மழை உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இரண்டு தடவை சைரன் சும்மா அடித்துவிட்டது. இரண்டு தடவையும் எல்லோரும் போனார்கள், காத்திருந்தார்கள், திரும்பினார்கள். யாரும் எனக்குப் போன் போட்டுத் திட்டவில்லை. மூன்றாவது தடவை ஒரு பின்னேரம், இரண்டு மணி தாண்டியிருக்கும். நான் வகுப்பில் இருந்தேன். செய்தி வந்தது. அக்காவை அழைத்தேன்.

"கெளம்பிட்டோம் தங்கச்சி. அப்புறமா எடுங்க" என்று வைத்துவிட்டாள்.

வகுப்பை எப்படி முடித்தேன் என்று தெரியாது. நாலு மணி வாக்கில் அவளே எடுத்தாள். பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம், பலர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம்.

"வந்துருச்சு" என்றாள். "லயத்தோட மேல்பக்கம் அஞ்சு காம்பராவும் போச்சு. என் காம்பராவும் போச்சு தங்கச்சி."

"ஆளுங்க?"

"எல்லாரும் இங்கதான் இருக்காங்க. எண்ணிட்டேன்." ஒரு மூச்சு விட்டுச் சொன்னாள்: "ரெண்டு தரம் எண்ணிட்டேன்."

உன்னை அழைக்கக் கைபேசியில் உன் பெயரைத் தேடினேன். அது பழக்கம். பெயர் இன்னும் இருக்கிறது.

சில நாள் கழித்து, பெட்டி அனுப்பி வைத்திருந்த அந்த நாளின் எண்களை எடுத்து, நம்முடைய பழைய வடிவங்களிலும் ஓட்டிப் பார்த்தேன். நீ முதலில் செய்த, வெட்டி மட்டும் விட்ட சுற்றாக இருந்திருந்தால், மண் இறங்கிய பிறகுதான் சைரன் அடித்திருக்கும். சரி, நான் முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த, கடைசித் துளிவரை துல்லியமான பெட்டியாக இருந்திருந்தால்? அன்று பனி இறங்கி ஒன்பதாவது நாள். என் பெட்டி ஐந்து நாளுக்கு முன்பே செத்திருக்கும். நம் இருவரில் ஒருத்தி மட்டும் கெட்டிக்காரியாக இருந்து மற்றவளை வாயடைத்திருந்தால், அக்கா இரண்டு தரம் எண்ணியிருக்க மாட்டாள். அந்த எண்களை அச்செடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். நீ போன நாளில் வராத அழுகை அது.

அதற்குப் பிறகு புது வீடுகள் கட்டும் வேலையும் வேகம் பிடித்தது. மிஞ்சிய காம்பராக்களில் சாமான் எடுக்கவும் காய்கறித் தோட்டத்தில் காய் பறிக்கவும் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்ததால், மண் தொடாத ஓரத்தில் தப்பி நின்ற பெட்டியைச் சரிவிலேயே விட்டு வைத்திருந்தோம். போன மாதம் கடைசிக் குடும்பமும் புது வீட்டுக்குப் போய்விட்டது. அக்கா வீட்டில் இரண்டு அறை, சமைக்கத் தனியாக ஒரு குசினி, முன்னால் ரோஜாச்செடி வைக்க இடம். அந்தச் சரிவில் இனிக் காவல் காக்க யாரும் இல்லை. பெட்டி வீடு திரும்பிவிட்டது.

என் மாணவர்கள் உன் கூட்டல் சுற்றை இப்போது பாடமாகப் படிக்கிறார்கள். ஒருத்தி அதைவிடக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து நீட்டினாள். உன்னிடம் காட்டினால் பொறாமைப்பட்டிருப்பாய். பசறைப் பக்கம் இன்னொரு சரிவுக்கு நாலு பெட்டி கேட்டிருக்கிறார்கள். போன ஞாயிறு அங்கே போனோம். நானும் மூன்று மாணவர்களும், கூட வருவேன் என்று பிடிவாதமாக வந்த உன் அக்காவும். லயத்து வாசலில் நாற்பது பேர் நின்றார்கள். கையில் மம்பட்டியோடு நின்ற ஒரு மனிதர், வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டார்:

"இது சரியா சொல்லுங்களா?"

நான் முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு வரைபடத்தை விரிப்பேன். நாலு தசமத்துக்கு எண் சொல்வேன். அன்று பையைத் திறக்கவில்லை. அவர் காட்டிய கல்லில் உட்கார்ந்தேன். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்காரும்வரை காத்திருந்தேன்.

"சில நேரம் தப்பா சொல்லுங்க" என்றேன். "எந்தப் பக்கம் தப்புனா ஒங்களுக்குப் பரவாயில்லன்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும். எனக்கு அவசரமில்ல. பேசுவோம்."